முன்னாள் மாப்பிள்ளை

7 செப்டம்பர் 2014, ஞாயிறு

இன்று என்னை நீச்சல் குளத்திலிருந்து விசில் அடித்து வெளியே ஏற்றினார்கள்.

பிரான்சில் பொதுக் குளத்தில் தொடை வரைக்கும் தொங்குகிற அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. உடம்போடு ஒட்டுகிற ஜட்டி மாதிரி ஒன்றைத்தான் போட வேண்டும். தலைக்குத் தொப்பி. அரைக்கால் சட்டையில் அழுக்கு வரும், ஜட்டியில் வராது என்பது இவர்கள் கண்டுபிடித்த விஞ்ஞானம். இந்த விதி எனக்குத் தெரியாததல்ல. முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாப்பிள்ளைதான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அழைத்துப் போகிறார். என் ஜட்டி, தொப்பி, துண்டு, குளித்து முடித்தபின் தின்ன வாழைப்பழம் எல்லாம் அவருடைய பையில்தான் இருக்கும். இன்று காலை போன் செய்து, "வேலை இருக்கு மாமா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். வீறாப்பாகத் தனியாகக் கிளம்பிவிட்டேன்.

விசில் அடித்த பையன் தாழ்வாரத்தைக் காட்டினான். அங்கே காப்பி விற்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஜட்டி விற்கிற இயந்திரம் இருக்கிறது. என் அளவு எதுவென்று தமயந்திக்குத் தெரியும், உலகத்துக்கும் தெரியும். இருந்தாலும் ஓர் இயந்திரத்திடம் அதை ஒத்துக்கொள்ள மனம் வராமல் ஓர் அளவு சின்னதை அமுக்கினேன். அதைப் போட்டுக்கொண்டு நான் குளத்தங்கரையில் நடந்து வந்தபோது ஒரு சின்னப் பெண் பிள்ளை என்னைக் காட்டித் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டது. அந்த அம்மா பதில் சொல்லாமல் பிள்ளையின் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள்.

புதிதாக இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களுக்காக: நான் கலியபெருமாள். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை. பத்தாம் வகுப்பு, இரண்டாவது படையெடுப்பில் பாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த ஒருவரின் மகள் தமயந்தியைக் கட்டிக்கொண்டு, பெண்ணோடு பிரெஞ்சுக் குடியுரிமையும் வருவதால் ஊரில் 'நேஷனாலிட்டி மாப்பிள்ளை' என்று கேலி பேசப்பட்டு, இங்கே ஓர்லேயானுக்கு வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடக் கேன்டீனில் காய் நறுக்குகிறேன். ஒரே மகள் இந்துஜா. அவள் புருஷன் எத்தியேன். ஆற்றுக்கு அந்தக் கரையில் அவர்கள் வீடு.

இந்த வலைப்பூவை அமைத்துக் கொடுத்ததே மாப்பிள்ளைதான். தமிழ் தெரியாது. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை போன் செய்வார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதியிருந்தேன். மாத்திரையோடு வந்து நின்றார்.

நாளைக்கு ஜட்டிக்கு என்ன சொல்கிறார் பார்ப்போம்.

8 செப்டம்பர், திங்கள்

போன் வரவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த நாட்டில் எல்லோரும் பெற்றோர் வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் இருப்பார்கள். கடை கிடையாது, தெருவில் ஆள் கிடையாது. கோழி பொரியும் வாசனை மட்டும் நடமாடும். எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. கோழிக்குப் பதில் ஆட்டுக்கறி, அவ்வளவுதான்.

இன்று இந்து மட்டும் வந்தாள். எத்தியேனுக்கு ஜலதோஷமாம். தமயந்தி அவருக்காகக் குழம்பும் எலும்பும் தனியாக டப்பாவில் போட்டு, மூடிக்கு மேலே ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுத்தாள். இந்து அதை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறந்திருப்பாள்.

20 செப்டம்பர், சனி

இந்து இரண்டு பெட்டியோடு வந்திருக்கிறாள். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம், வாசனை தாங்கவில்லையாம், சில நாள் இங்கே இருப்பாளாம்.

பெட்டியைத் திறந்தபோது மேலாகக் குளிர்காலக் கோட்டு இருந்தது. "செப்டம்பர்ல பெயின்ட் அடிக்கிறதுக்கு இது எதுக்குடி?" என்று தமயந்தி கேட்டாள். சூழ்நிலையைச் சமாளிக்க நான் என்ன கலர் என்று கேட்டேன்.

"வெள்ளப்பா."

நல்ல கலர்தான்.

22 செப்டம்பர், திங்கள்

பெயின்ட் இன்னும் காயவில்லை.

27 செப்டம்பர், சனி

இனி எழுதுவதை வலையில் ஏற்றப் போவதில்லை. ஏற்றினால் அந்த இயந்திரம் அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டரிலேயே கிடக்கட்டும். எழுதிப் பழகிவிட்டது, எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாப்பிடும்போது இந்து சொன்னாள். "நானும் எத்தியேனும் பிரிஞ்சிட்டோம்பா. ரசம் இன்னும் இருக்கா?"

தமயந்தி ரசத்தை ஊற்றினாள். தட்டு நிறைந்து மேசையில் வழிந்து என் மடிக்கு வரும்வரை ஊற்றினாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

"ஏம்மா?" என்றேன்.

"இப்ப வேணாம்பா."

ஈரத் துணியால் மேசையைத் துடைத்தேன். மேசை நன்றாகச் சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

30 செப்டம்பர், செவ்வாய்

கேன்டீனில் காரட் சீவும்போது ஒதீலிடம் சொன்னேன். ஒதீல் என்னோடு வேலை செய்கிறவள். என் வயதுதான் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஏன் இப்படி என்று எனக்கு ஏதாவது புரியாவிட்டால் அவளைத்தான் கேட்பேன்.

அவள் கையை நிறுத்தவே இல்லை. "பாவம். ஆனா சரியாப் போயிடும் கலி. எனக்கும் என் புருஷனுக்கும் ஆச்சு, இப்ப கிறிஸ்துமஸுக்கு அவர் எங்க வீட்டுக்குத்தான் வருவார். புதுப் பொண்டாட்டியோட. அவ நல்லா கேக் செய்வா."

"ஒரே மேசையிலா சாப்பிடுவீங்க?"

"எங்க வீட்ல இருக்கறதே ஒரு மேசைதான்."

எனக்கு அது சிரிக்க வேண்டிய விஷயமா, அழ வேண்டிய விஷயமா என்று பிடிபடவில்லை. எங்கள் ஊரில் அறுத்துக்கொண்டால் அறுத்துக்கொண்டதுதான். கல்யாண போட்டோவில் அந்த ஆள் இருக்கிற பாதியைக் கத்தரித்துவிடுவார்கள்.

2 அக்டோபர், வியாழன்

தமயந்தி தன் அண்ணன் கஜேந்திரனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். மச்சான் பாரீஸ் பக்கம் இருக்கிறார். அவரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா சொல்தா, பிள்ளையும் சொல்தா.

"இன்னா மச்சான் நீ, இத்தினி நாளா சொல்லாம வச்சிருக்க? அவன் பாட்டுக்குப் பொண்ண அனுப்பிட்டு ஒக்காந்திருப்பான், நீ காய் நறுக்கிக்கினு இருப்பியா? பொண்ணுக்குக் கேக்க ஆள் இல்லன்னு நெனச்சிட்டானா?"

"இப்ப இன்னா பண்ணணும்ங்கிற?"

"ஞாயித்துக்கெழம வரேன். நேர்ல போய் ஒக்காந்து பேசுவம். வெத்தல பாக்கு நான் வாங்கியாரேன். தட்டு ரெடி பண்ணச் சொல்லு தங்கச்சிய."

ஒதீலிடம் சொன்னதற்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "போன் பண்ணாம, ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு நேரத்துல, பெரிய பிள்ளைங்க விஷயத்தைப் பேச நீங்க மூணு பேரும் போறீங்க? இந்த நாட்டுல அப்படி வர்றது தீயணைப்புக்காரங்க மட்டும்தான் கலி."

தீ பிடித்துத்தானே இருக்கிறது.

5 அக்டோபர், ஞாயிறு

இந்து லியோனில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதுவும் வசதியாகப் போயிற்று.

தட்டில் வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, கல்கண்டு, நடுவில் தேங்காய். மச்சான் மெடல் குத்திய கோட்டோடு வந்திருந்தார். நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டியதில் பாலம் தாண்டி இரண்டு தெரு தப்பாகப் போய்த் திரும்பி வந்தோம்.

கதவைத் திறந்தவரை ஒரு நொடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி. கம்பளிச் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். "மாமா" என்றார். "அத்தை" என்றார். வழக்கம்போலக் குனிந்து தமயந்தியின் கன்னத்தில் முத்தம் வைத்தார், வலது ஒன்று, இடது ஒன்று. அவளும் வழக்கம்போலக் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள். மச்சான் கன்னத்தைக் கொடுக்கவில்லை. கையை நீட்டினார்.

கூடத்தில் சோபா இல்லை. புத்தக அலமாரியில் பாதி காலி. நாற்காலி இரண்டுதான் இருந்தன. மச்சானும் தமயந்தியும் உட்கார்ந்தார்கள். எனக்குச் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு மாப்பிள்ளை ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். மேசையில் ஒரு சார்டைன் மீன் டப்பாவும் ரொட்டித் துண்டும் இருந்தன. டப்பாவிலிருந்தே முள்கரண்டியால் சாப்பிட்டிருக்கிறார். தமயந்தி அதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனாள். ஏதாவது சமைத்துப் போட்டுவிட்டால் அவளுக்கு மனம் ஆறிவிடும். மச்சான் ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்துவிட்டாள்.

தட்டை அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

மச்சானுடையது பட்டாளத்துப் பிரெஞ்சு. ஒவ்வொரு வாக்கியமும் அணிவகுப்பில் நிற்கும். "பெரியவர்கள் மூன்று பேர் வந்திருக்கிறோம். எங்கள் பெண்ணிடம் என்ன குறை? முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்."

"ஒரு குறையும் இல்லை."

"அப்படியானால் தப்பு யார் மேல்?"

மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்கண்டு எதற்கு, வெற்றிலை எதற்கு என்று முன்பெல்லாம் குடைந்து குடைந்து கேட்பவர். ரொம்ப நேரம் கழித்து, "என் மேலதான்" என்றார்.

அதற்குப்பின் ஒத்திகை பார்த்தது எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "ஒரே பொண்ணு மாப்ளே" என்று தமிழில் ஆரம்பித்துப் பிரெஞ்சுக்குத் தாவினேன். "அவ கோவக்காரி. காலையில எழுந்தா காப்பி குடிக்கிற வரைக்கும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா. அதெல்லாம் நான் செல்லம் குடுத்து வளத்த லட்சணம். மனசுல வச்சுக்காதீங்க. திரும்பக் கூட்டிக்குங்க."

அவர் அழ ஆரம்பித்தார். சத்தம் இல்லை, முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை. கண்ணீர் பாட்டுக்குத் தாடிக்குள் இறங்கியது. "என்னால் முடியாது மாமா" என்றார். "அது என்னால் முடியாது."

மச்சான் எழுந்துவிட்டார். "அவ்ளோதான். எட்றா... எடு தமயந்தி தட்ட."

கொண்டுபோய் வைத்த தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருவதைவிடப் பெரிய அவமானம் எங்களில் கிடையாது. தமயந்தி எடுத்தாள். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினேன். அதை இங்கே பெருமையாகச் சொல்லவில்லை. காரைக் கிளப்பும்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். எடுக்கிற அவசரத்தில் தேங்காய் உருண்டு அலமாரிக்கடியில் போய்விட்டிருக்கிறது. மாப்பிள்ளை வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறார்.

"இதை விட்டுட்டீங்க" என்று நீட்டினார்.

மச்சான் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்படியே வீடு வரைக்கும் ஓட்டினேன்.

8 அக்டோபர், புதன்

கோபமாக இருக்கிறேன். கோபம் வசதியாக இருக்கிறது. அஞ்சு வருஷம் எங்கள் சோற்றைத் தின்றவர், "என்னால் முடியாது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். மனசு விட்டுப்போனால் அவ்வளவுதான் இவர்களுக்கு என்று தமயந்தியிடம் சொன்னேன்.

"அந்தப் புள்ள மீன டப்பாவோட தின்னுதுங்க" என்றாள். மூன்று நாளாக அதையே சொல்கிறாள்.

12 அக்டோபர், ஞாயிறு

மச்சான் இந்துவுக்கு ஆறுதல் சொல்லப் போன் செய்தார். அவள் கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கவலப்படாத கண்ணு. ஒங்க மாமன் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுதான் வந்தேன். தப்பு என் மேலதான்னு அவன் வாயாலயே ஒத்துக்கினான்."

இந்து என்னைப் பார்த்தாள். மாவுக் கையாலேயே போனை அணைத்தாள்.

"எங்கப்பா போனீங்க?"

"எத்தியேன் வீட்டுக்கு."

"யாரு?"

"நான், அம்மா, மாமா."

"எதுக்கு?"

"உன்னத் திரும்பக் கூட்டிக்கச் சொல்லி."

அவள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "தப்பு என் மேலன்னா சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பா, அவன் ஒண்ணுமே பண்ணல. வேணாம்னு வந்தது நான்தான். போகாத போகாதன்னு கோடை முழுக்கக் கெஞ்சினது அவன்."

"ஏன்டி?" என்றாள் தமயந்தி.

"வேற ஒருத்தர் இருக்காரும்மா. லியோன்ல. நான் வேணும்னு தேடிக்கிட்டுப் போகல. ஆயிடுச்சு."

தமயந்தி அடுப்பை அணைத்தாள். பிறகு பற்றவைத்தாள். பிறகு அணைத்தாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா உங்க மூஞ்சி இப்படி ஆயிடும்னு தெரியும். அதான்பா சொல்லல."

கத்த வேண்டிய இடம். அப்பனாக லட்சணமாக நாலு வார்த்தை கேட்க வேண்டிய இடம். அவளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். சப்பாத்திக்கு மாவு காய்கிறது பார் என்று சொன்னேன். தின்னும்போது மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு தின்றோம்.

ஆக, என் மகள் வேண்டாமென்று விட்டுவிட்டு வந்த மனிதனிடமே போய், அவளை ஏற்றுக்கொள் என்று கெஞ்சியிருக்கிறேன். அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "போய் உங்கள் பெண்ணைக் கேளுங்கள்" என்று ஒரு வாக்கியம் போதும், மச்சானுடைய மெடல் எல்லாம் கழன்று விழுந்திருக்கும். எங்கள் கூட்டத்தில் பெண் புருஷனை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போனாள் என்றால் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அஞ்சு வருஷத்தில் அதையும் கற்றுக்கொண்டுவிட்டார். அதைத்தான் கற்றுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

13 அக்டோபர், திங்கள்

கேன்டீனில் விரலை நறுக்கிக்கொண்டேன். சின்ன வெட்டுதான். ஒதீல் பிளாஸ்திரி போட்டுவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

16 அக்டோபர், வியாழன்

மாப்பிள்ளையாக ஒரு வீட்டுக்குள் நுழைகிற கஷ்டம் எனக்குத் தெரியும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் மாமனார் வீட்டு மேசையில் எல்லோரும் பிரெஞ்சில் சிரிப்பார்கள். என்ன ஜோக்கு என்று தெரியாமல் நானும் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பேன். ரேடியோவில் எதிரொலி கேட்கிற மாதிரி இருக்கும்.

எத்தியேன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, மேசை இருக்கும்போதே தரையில் சம்மணம் போட்டுவிட்டார். மரியாதைக்கு நாங்களும் உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடித்தால் அவருக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஒரு கையும் தமயந்தி ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கினோம். நிமிர்ந்து நின்று, "நல்லா இருந்தது" என்றார். என்னைப்போல ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கிற ஆள் இன்னொருவர் இந்த நாட்டில் இருக்கிறார் என்று அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

19 அக்டோபர், ஞாயிறு

இந்தமுறை முறைப்படி நடந்துகொண்டேன். முன்கூட்டியே செய்தி அனுப்பி, உங்களைப் பார்க்க வேண்டும், எப்போது தோதுப்படும் என்று கேட்டேன். ஒதீல் வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தாள்.

பதில் சாயங்காலம் வந்தது. அவருடைய கம்பெனியில் ப்ரெஸ்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டாராம். ப்ரெஸ்த் என்பது இந்த நாட்டின் மேற்குக் கோடி, அதற்கப்பால் தண்ணீர்தான். நவம்பர் எட்டாம் தேதி சாமான் ஏற்றுகிறார். "அன்று வாருங்கள் மாமா. ஆள் குறைவாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

இந்துவிடம் மறைக்கவில்லை. மறைத்தது எல்லாம் போதும் இந்த வீட்டில்.

"போங்கப்பா" என்றாள். "மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. ஆனா அதோட விட்டுடுங்க."

"ஒதீல் வீட்டுல பழைய புருஷன் கிறிஸ்துமஸுக்கு..."

"ஒதீல் வீடு வேறப்பா. காலையில நீங்க அவனோட சுத்திட்டு வந்து, மத்தியானம் ஃப்ளோரியானுக்குச் சோறு போட்டா, நடுவுல நான் எங்க ஒக்கார்றது? நீங்க அவனப் பாக்குற பார்வையில, ஒவ்வொரு தடவையும் நான் பண்ணது எனக்குத் தெரியும்பா."

ஃப்ளோரியான் என்பதுதான் அந்தப் புதியவர் பெயர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பெண். கனவுகூடப் பிரெஞ்சில்தான் காண்பாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முத்தியால்பேட்டை.

"சரிம்மா" என்றேன்.

"இதுதான் கடைசின்னு சொல்லுங்க."

"கடைசிதான்."

"அவன் போன் பண்ணாலும்."

"சரிம்மா."

2 நவம்பர், ஞாயிறு

ஃப்ளோரியான் பதினாறாம் தேதி சாப்பிட வருகிறார். காரம் ஆகாதாம். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

காலையில் குளியலறையில் இந்து பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமான அஞ்சு வருஷத்தில் அவள் இங்கே வந்து தங்கியபோதெல்லாம் பாடிக் கேட்டதில்லை. கதவுக்கு வெளியே துண்டோடு நின்று முழுப் பாட்டையும் கேட்டேன். என் பெண் சந்தோஷமாக இருக்கிறாள். அதற்கு எனக்கும் சந்தோஷம் வரவேண்டும். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

8 நவம்பர், சனி

தமயந்தி வரவில்லை. வந்தால் அழுவேன், அழுதால் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இடைஞ்சல் என்றாள். எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

இங்கே வீடு மாறும்போது கூலிக்கு ஆள் வைப்பது பணக்காரர்கள்தான். மற்றவர்கள் சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும் கூப்பிடுவார்கள். தூக்கி முடித்ததும் தரையில் உட்கார்ந்து பீட்சா தின்பார்கள். எத்தியேனுக்கு வந்த ஆட்கள் அவர் அப்பா பெர்னாரும் நானும்தான். அதாவது இரண்டு சம்பந்திகள். இப்போது அந்த உறவுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

பெர்னார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நானும் அவரும் துணி துவைக்கிற இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். "தூக்கு", "இறக்கு", "இடது". மூன்று மாடிக்கும் அந்த மூன்று வார்த்தைகள்தான். என் முட்டி போட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். கீழே வந்து மூச்சு வாங்கும்போது சொன்னார்:

"உங்க பொண்ணப் பத்தி என் மகன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லல. நான் சொல்லியிருக்கேன். நெறைய."

"நியாயம்தான்" என்றேன்.

என் கையைப் பார்த்தார். இயந்திரத்தின் விளிம்பு பட்டு உள்ளங்கை சிவந்திருந்தது. தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மிச்சச் சாமான் எல்லாம் ஆளுக்கொரு கையுறையோடு இறக்கினோம்.

அவர் வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது நானும் எத்தியேனும் காலி வீட்டில் உட்கார்ந்தோம். பீட்சாவை விட்டுவிட்டு எலுமிச்சைச் சோற்றை எடுத்துக்கொண்டார். டப்பா மூடியில் போட்டுக் கையால் சாப்பிட்டார். தாடி இல்லை, மெலிந்திருந்தார்.

"அன்னைக்கு நாங்க வந்தது தப்பு" என்று ஆரம்பித்தேன். "விஷயம் தெரியாம வந்துட்டோம். மன்னிச்சுக்குங்க."

"இல்ல மாமா." வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "இந்து போனப்புறம் என் சிநேகிதங்க எல்லாரும் செய்தி அனுப்பினாங்க. உன்னத் தொந்தரவு பண்ண விரும்பல, எப்ப தோணுதோ அப்ப கூப்பிடுன்னு. அப்பாகூட அதையேதான் சொன்னார். எல்லாரும் ரொம்ப நாகரிகமா இருந்தாங்க. என் வீட்டுக் கதவத் தட்டின முதல் ஆளுங்க நீங்க மூணு பேர்தான். அதுவும் பழத்தோட."

"அதையும் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டோமே."

"ஆமா. அந்த ஆரஞ்சு மேல எனக்கு ஒரு கண்ணு இருந்தது."

இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு பேரும் ஒரு நொடி தாமதமாக.

"நீங்க ஏன் உண்மையச் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவளோட அப்பாகிட்டயா?" என்றார்.

பிறகு இந்து எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். "இருக்கா, சாப்பிடறா" என்றேன். தலையாட்டினார். குளியலறைப் பாட்டைப் பற்றி நான் பேசவில்லை.

வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. பெர்னார் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். எத்தியேன் என் முன்னால் நின்று, முத்தம் வைப்பதா கை கொடுப்பதா என்று தயங்கி, கடைசியில் இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டார்.

"இனிமேயும் மாமான்னு கூப்பிடலாமா?"

"வேற எப்படிக் கூப்பிடுவீங்க?"

அதற்கே அவர் முகம் மாறிவிட்டது. புது வீட்டில் ஓர் அறை உபரியாக இருக்கிறதாம். அதில் பெரிய கட்டில் போடப் போகிறாராம். "ஜூலைல கேன்டீன் லீவுதானே? அத்தையக் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு வாரம் இருக்கணும். ரயில் டிக்கெட் நான் போட்டுடறேன். வருவீங்கதானே மாமா?"

"வர்றோம்" என்றேன். "ஜூலைல வர்றோம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. மழையா இருக்கு, அப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

வண்டி தெரு முனையில் திரும்பும்வரை அவர் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்தார். நானும் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். இதுதான் கடைசி என்று என் மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.